சகலை கொடுத்த விசிறி

5-11-1934, திங்கள். கிள்ளான்.

நேற்று சாயங்காலம் சகலை இராதாகிருஷ்ணனின் படகு என் படகைத் தாண்டிப் போய்விட்டது.

எழுதிவிட்டேன். காலையிலிருந்து பாத்திரக் கடையில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் குடம் கேட்டாள், நான் தவலையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

தாண்டியது ஒரு பெரிய விஷயமா என்று தனலெட்சுமி கேட்கிறாள். அவளுக்கென்ன. என் படகில், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் படகு தாண்டும்போது கை தட்டியவளே அவள்தான். "என் தங்கச்சி போறா, கை தட்டாம என்ன செய்யறது?" தங்கச்சி ரமணி அந்தப் படகிலிருந்து கைக்குட்டையை ஆட்டினாள். எங்கள் இரண்டு பேருக்கும் பெண் கொடுத்த சபாபதி மாமாவும் அதில்தான் இருந்தார். முன்பக்கத்தில், தோள் துண்டு காற்றில் பறக்க. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷர்.

ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் சீமைக்குக் கப்பல் ஏறினார்களே, அப்போது ஏலத்தில் போன படகுகள்தான் இரண்டும். முதலில் எடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆற்றில் இறங்கிக் கடல் வாய் வரை போய் வரலாம் என்று ஆசை. அடுத்த மாதமே அவனும் ஒன்று எடுத்தான். நான் எதைச் செய்தாலும் அடுத்த மாதம் அவன் செய்வான், கொஞ்சம் நன்றாக. எஞ்சின் இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே குதிரைசக்தி. என் படகு செங்கால் மரம், கல் மாதிரி கனம், அகலம், பத்துப் பேர் காலை நீட்டி உட்காரலாம். அவனுடையது வாழைமட்டை மாதிரி ஒல்லி. இதுவரை முன்னே பின்னேதான் போய்க்கொண்டிருந்தோம். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து புது விசிறி வரவழைத்து மாட்டியிருக்கிறான். படகின் பின்னால், தண்ணீருக்கடியில் சுழன்று தள்ளுகிறதே, மலாய்க்காரர்கள் கிப்பாஸ் என்பார்கள், அந்த விசிறி. வித்தியாசம் அது ஒன்றுதான்.

படகுத்துறை ஜெட்டியில் இறங்கியதும் மாமா ஒரு சேதி சொன்னார். தை மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். சகலை குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வேண்டாமாம். கேரி தீவில், அவர் முப்பது வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த தோட்டத்து முருகன் கோவிலில்தான் வேண்டுமாம். எல்லோரும் படகில் போக வேண்டும்.

மாமாவும் அத்தையும் மாலையும் கழுத்துமாகப் போய் இறங்கும் படகு யாருடையது? மூத்த மாப்பிள்ளை நான். கேட்கவே வேண்டாத கேள்வி. ஆனால் மாமா சொன்னது: "எந்த போட்ங்கிறதை அப்புறம் பாப்போம். முகூர்த்தத்துக்கு நேரத்தோட போய்ச் சேரணும் இல்லையா."

சொல்லும்போது அவன் படகைப் பார்த்தார்.

பார்ப்போமாம். எதைப் பார்ப்பது?


6-11-1934. தீபாவளி.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அல்வா வாயில் வைத்தேன், மண்.

சகலையும் ரமணியும் ரயிலில் வந்தார்கள். எனக்கு வேஷ்டி, தனலெட்சுமிக்குப் பட்டு. நாங்கள் அவர்களுக்கு எடுத்ததைவிட ஜரிகை ஒரு விரல் அதிகம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது அவனாகவே ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. என்னுது மாதிரி விசிறி உங்க போட்டுக்கு வாங்கிடாதீங்க."

"ஏன் தம்பி, எனக்கு ஆகாதா?"

"ஆளுக்கு இல்லண்ணே, போட்டுக்கு. விசிறி ஒரு சுத்து சுத்தினா போட் எவ்வளவு தூரம் முன்னால போகப் பாக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. இலையில முறுக்கு ஜாஸ்தின்னா தூரம் ஜாஸ்தி. என் போட் லேசு, தாங்கும். உங்களுது கனம். உங்களுக்கு முறுக்கு கம்மியா இருக்கணும். என் பழைய விசிறி சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கங்களேன்."

நான் சிரித்தேன். இந்த பாசாரில் எத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன்! எதிர்க்கடைக்காரன் வந்து "நீங்க சின்னதா வாங்குங்க, அதுதான் உங்களுக்கு நல்லது" என்று சொன்னால் எதற்குச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? அதுவும் தான் கழற்றிப் போட்டதை எனக்குத் தருகிறானாம். பழைய வேஷ்டி மாதிரி.

"யோசிக்கிறேன் தம்பி" என்றேன். யோசித்தாகிவிட்டது.


12-11-1934

போர்ட் சுவெட்டன்ஹாமில் படகுச் சாமான் விற்கும் ஆ செங் கடைக்குப் போனேன். விசிறிகளைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான். எனக்கு உலோகம் தெரியும். கிள்ளான் வட்டாரத்தில் பித்தளையைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை. ஒவ்வொன்றாகச் சுண்டினேன். கையில் தூக்கிப் பார்த்தேன். தராசு கேட்டு நிறுத்தேன். ஆ செங் வாயைப் பிளந்துகொண்டு நின்றான், விசிறியை யாரும் நிறுத்து வாங்கி அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"எந்த போட், எவ்வளவு நீளம், எவ்வளவு கனம்?" என்று மலாயில் கேட்டான்.

நான் சொல்லவில்லை. சகலையும் இங்கேதான் சாமான் எடுக்கிறான். இங்கே சொன்னால் அங்கே பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும். "போட் இருக்கு, பெரிசா ஒண்ணு கொடு" என்றேன்.

"பெசார்?" என்றான். பெரிசுதானா?

"பெசார்தான்."

இருப்பதிலேயே கனமானதை எடுத்தேன். சுண்டினால் கோவில் மணி மாதிரி நின்று ஒலிக்கிறது. இலை ஒவ்வொன்றும் நன்றாக முறுக்கி, யானைக் காது போல. சகலையின் விசிறி இதன் பக்கத்தில் நிற்குமா!


18-11-1934, ஞாயிறு

தண்ணீரில் இறக்கினேன். எஞ்சின் முனகுகிறது. கறுப்புப் புகை. வாழைத்தார் ஏற்றிய சம்பான் ஒன்று, துடுப்புப் போட்டு வந்தது, எங்கள் கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

தனலெட்சுமி அந்தத் தாரில் பழத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.


19-11-1934

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வேறு கடையில் டின் வாங்கினேன்.


25-11-1934

பெட்ரோல் இல்லை. எஞ்சின்தான். மெக்கானிக் வந்து பிரித்து மாட்டினான். "எஞ்சின்ல கோளாறு இல்ல மொதலாளி, அதுக்கு மூச்சு முட்டுது" என்றான். எஞ்சினுக்கு மூச்சாம். அவனையும் அனுப்பிவிட்டேன். அவன் மச்சான் சகலையின் மோட்டார் சாமான் கடையில் வேலை செய்கிறான் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்படி நினைப்பது சரியா? சரியில்லை. ஆனால் நினைத்தேன்.


2-12-1934, ஞாயிறு

மாமா வந்திருந்தார். இரண்டு படகும் புறப்பட்டன. அவர் இன்றும் அவன் படகில்தான். அவர்கள் கடல் வாய்க்குப் போய்த் திரும்பி ஜெட்டியில் காலைக் கழுவிக்கொண்டு நின்ற பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, வழியில எறங்கி மீன் கீன் பிடிச்சீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை வாங்கிக் கட்டினான். அவன் சிரித்திருந்தால் தேவலை.

சாப்பாட்டில் முடிவு சொல்லிவிட்டார். மாமாவும் அத்தையும் ஐயரும் இராதாகிருஷ்ணன் படகில். என் படகில் சமையல்காரர்களும் அண்டா குண்டாவும்.

"நம்ம பக்கிரிசாமி மாப்பிள்ளைக்கு பாத்திரம் பழக்கம்தானே" என்றார்.

பழக்கம்தான். பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது மூங்கில் கம்பு ஒன்று. தோளில் அந்தக் கம்பு, இரண்டு முனையிலும் பாத்திரக் கூடை, பந்திங் வரை தோட்டம் தோட்டமாக நடந்தேன். அந்தத் தோளோடுதான் இவர் பெண்ணைக் கேட்டேன். அவன் என்ன செய்தான்? அப்பன் விட்டுப்போன மோட்டார் சாமான் கடையில் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். மாமா என் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறந்து மூடுவதற்குள் "இராதாகிருஷ்ணன் எப்படி இங்கிலீஷ் பேசுறான் தெரியுமா", "இராதாகிருஷ்ணன் ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டான்". என் சோற்றைத் தின்றுகொண்டே. பத்து வருஷமாக.

மாமாவை அண்டா ஏற்றிய படகிலிருந்து பார்த்துக்கொண்டு நான் வரவேண்டும். தோட்டத்து ஜனங்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். எல்லோரும் என்னிடம் பாத்திரம் வாங்கினவர்கள்.

தனலெட்சுமியிடம் கத்தினேன். "உங்கப்பாவுக்கு மூத்த மாப்பிள்ளைன்னா யாருன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். எங்கப்பாவுக்கு உங்களைத் தெரியும். உங்களுக்குத்தான் எங்கப்பாவைத் தெரியல" என்றாள். என்ன அர்த்தம் இதற்கு?


25-12-1934. கிறிஸ்துமஸ்.

இன்று நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். நானே படிக்கப்போவது.

அவன் படகும் கிள்ளான் ஜெட்டியில்தான் கட்டிக் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் சேற்றில் உட்கார்ந்துவிடும், விசிறி வெளியே தெரியும். லீவு நாளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரமாட்டான் என்று கணக்குப் போட்டு, ஒரு நூல் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேஷ்டியைத் தூக்கிக் கட்டிச் சேற்றில் இறங்கினேன். முட்டி வரை புதைந்தது. குனிந்து, அவன் விசிறியைக் கயிறு பிடித்து அளந்தேன்.

என்னுடையதைவிடச் சின்னது!

மறுபடி அளந்தேன். குறுக்களவும் குறைவு. இலையின் முறுக்கும் என்னுடையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. சுண்டிப் பார்த்தேன், உலோகம் சுமார்தான். இதுவா? இதற்கா மாமா துண்டு பறந்தது?

"அண்ணே?"

மேலே ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தான். கையில் எண்ணெய் டின். நான் கீழே, கையில் கயிறு, தாடி வரை சேறு.

இந்த இடத்தில் அவன் கேலி செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். செய்யவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் சேற்றில் இறங்கினான்.

"கேட்டிருந்தா அளவை நானே சொல்லியிருப்பேனே அண்ணே. உங்களுது இதைவிடப் பெரிசுன்னு ஆ செங் சொன்னான். எஞ்சின் தன்னோட முழுச் சுத்தையும் சுத்தணும். உங்க விசிறி அதைச் சுத்தவே விடல. என்னோட பழசு ரொம்பத் தோதா இருக்கும். நிஜமா."

"பழசை நீயே வெச்சுக்க தம்பி" என்றேன். என் காலைச் சேற்றிலிருந்து இழுக்க அவன்தான் கை கொடுத்தான்.

நல்லவனாக வேறு இருக்கிறானே. அதுதான் தாங்க முடியவில்லை.


1-1-1935

வருஷப் பிறப்பு. கடையில் கூட்டம். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.


13-1-1935, ஞாயிறு. போகி.

பொங்கல் வியாபாரம் உச்சம். பந்திங் பக்கத்துக் கடைக்காரருக்குப் போக வேண்டிய பாத்திரம் கட்டி வைத்திருந்தோம், லோரி வரவில்லை. மழையில் ரோடு போய்விட்டதாம். சரக்கை ஜெட்டிக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றினால்தான் உண்டு. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, நாளைக்குப் பொங்கல்.

பரணிலிருந்து பழைய கம்பை எடுத்தேன். கடைக் கணக்கர் பாலன் பதறிப்போனார். "மொதலாளி, நீங்களா?"

"வேற யாரு, உங்க தாத்தாவா?"

தோள் மறக்கவில்லை. ஆனால் எழுந்து முதல் எட்டை அகலமாக வைத்தேன், பழைய மிடுக்கில். கூடை இரண்டும் ஆடி, கம்பு திருகி, அப்படியே ஒருக்களித்து விழப் போனேன். தட்டுகள் ரோடு முழுக்க உருண்டன. பக்கத்துச் சீனன் கடையில் சிரிப்பு.

மறுபடி கட்டித் தூக்கினேன். இந்தத் தடவை கால் தானாகவே குறுகியது. சின்னச் சின்ன எட்டு, சீக்கிரம் சீக்கிரமாக. மூச்சு சீரானது, கூடை ஆட்டம் நின்றது. பாதி வழியில், பாசார் முனையில், நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரன் திட்டினான்.

பாரம் கூடினால் எட்டைக் குறைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் இதில்தானே பிழைத்தேன். வெறுங்கையோடு போகிறவன் எட்டி வைக்கலாம். சுமக்கிறவன் எட்டி வைத்தால் மூச்சு முட்டும், விழுவான்.

என் படகு சுமக்கிற படகு. நான் அதை எட்டி வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முறுக்கு, தூரம், சுத்து என்று அவன் தீபாவளியன்று சொன்னது இதுதானே. இதையேதானே சொன்னான். என் காலுக்கே தெரிந்ததை அவன் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.


15-1-1935, செவ்வாய்

பொங்கல் முறைக்குப் போவது மாதிரி பிரிக்பீல்ட்ஸ் போனேன். கரும்பு, மஞ்சள் குலை, ஒரு வெண்கலப் பானை. அத்தை இராஜம்மாவும் அங்கேதான் இருந்தார்கள், மாமா வெளியே போயிருந்தார். நல்லவேளை.

வாசல் வரை போய்விட்டேன், கேட்க வாய் வரவில்லை. சரக்கு விற்கும்போது எத்தனை பேச்சுப் பேசுகிறவன் நான். அவன் கடைக்குள் கூட்டிப்போய், ஒன்றும் கேட்காமல், மூலையில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தான். துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். தீபாவளியிலிருந்தா?

கையில் எடுத்தேன். லேசு. என் கை இதைக் கடையில் பார்த்திருந்தால் தள்ளிவிட்டிருக்கும்.

"விலை சொல்லு தம்பி."

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

"வேண்டாம். விலை சொல்லு. சும்மா வாங்கி எனக்குப் பழக்கம் இல்ல."

கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. "விலை உண்டு. அப்புறம் பேசிக்கலாம். கல்யாணம் முடியட்டும்."

விலை பேசாமல் சரக்கை எடுத்துவந்தது இதுதான் முதல் தடவை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது லேசாகத்தான் இருந்தது, நான்தான் கனத்துப் போயிருந்தேன்.


20-1-1935, ஞாயிறு

மாட்டினேன். எஞ்சின் பாடுகிறது. புகை இல்லை. ஆறு அண்டா, நான்கு தவலை, பாலன், தனலெட்சுமி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏற்றியும் ஒரே சீராகப் போகிறது. வேகமா? அவன் படகு வெறுமையாகப் போனால் இன்னும் என்னைத் தாண்டும். எனக்குத் தெரிகிறது. ஆனால் பாரத்தை உணரவே இல்லை.

"இப்பத்தான் இது நம்ம போட் மாதிரி இருக்கு" என்றாள் தனலெட்சுமி.

அவன் கொடுத்த விசிறி என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.


24-1-1935

என்ன விலை கேட்பான்? முன்வரிசையில் நான் உட்காரக்கூடாது என்பானா? கலசத் தண்ணீரை முதலில் ஊற்றுவது மூத்த மாப்பிள்ளை. அதைக் கேட்பானா?

கேட்டால்? கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். பேரம் பேசாதது என் தப்பு.


9-2-1935, சனி

நேற்று மாமாவின் அறுபதாம் கல்யாணம் நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் புறப்பாடு. சகலையின் படகில் மாமா, அத்தை, ஐயர், ரமணி, ரமணியின் நாத்தனார், அவர் புருஷன், பூக்கூடை, பழத்தட்டு, ஹோமச் சாமான். மாமா யாரையும் விடவில்லை, "ஏறு, ஏறு" என்று எல்லோரையும் அதிலேயே ஏற்றினார். சகலை இரண்டு தடவை "மாமா, கனம் ஆகுது" என்றான். "உன் போட்டுக்கு என்னப்பா, பறக்கும்" என்றார். படகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு ஜாண்கூட இல்லை.

நான் பின்னால், சமையல்காரர்களோடும் அண்டாக்களோடும்.

போர்ட் சுவெட்டன்ஹாம் தாண்டும் முன்னாலேயே எனக்குக் கேட்டது. அந்த முனகல். அதே முனகல்! இரண்டு மாதம் நான் கேட்டுக் கேட்டுச் செத்த சத்தம். பின்னாலேயே கறுப்புப் புகை. லேசான படகுக்கு வாங்கிய விசிறி, இவ்வளவு பேரைத் தூக்கச் சொன்னால் என்ன செய்யும்?

நான் எஞ்சினைக் கூட்டினேன். பக்கத்தில் வந்தேன். தாண்டினேன்.

தாண்டும்போது மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பார்க்கத்தான் தாண்டினேன், பொய் சொல்வானேன். கழுத்தில் மாலை, வாய் திறந்திருந்தது. என் பின்னால் சமையல்காரர் ஒருவர் விசிலடித்தார். எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று இருந்தது. இதற்காகத்தான் மூன்று மாதம்.

கொஞ்ச தூரம் அப்படியே போனேன். தீவின் தென்னை தெரிந்தது. கரையில் நாயனம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. அண்டாவோடு நான் போய் இறங்கி என்ன செய்ய? அங்கே கல்யாணம் யாருக்கு? திரும்பிப் பார்த்தேன். சகலை எஞ்சின் மூடியைத் திறந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்வது இங்கிருந்தே தெரிந்தது. தண்ணீரும் இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் தாமதித்தால் தீவுக்கரையில் சேறுதான்.

படகைத் திருப்பினேன்.

பக்கத்தில் சேர்த்துக் கட்டினோம். சகலை கயிற்றை இறுக்கினான். மாமாவிடம் சொன்னான்: "மாமா, அண்ணே போட்ல ஏறுங்க. சுமக்கிறதுக்கு அதுதான். என்னுது ஓடத்தான் லாயக்கு."

நடு ஆற்றில் மாப்பிள்ளைக் கோலத்தில் மாமாவை நானும் அவனும் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். "மெதுவா, மெதுவா, இடுப்பு!" என்றார். அத்தை ஏறி நேராக ஒரு பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பேரும் ஏறியும் எஞ்சின் சத்தம் மாறவில்லை. கனம் குறைந்த சகலையின் படகும் பின்னாலேயே வந்தது. முகூர்த்தம் தவறவில்லை. கரையில் தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் நின்றார்கள். பார்த்தார்கள்.

வழியில் மாமா என்னிடம் பேசியது ஒன்றே ஒன்று. "பாத்தீங்களா மாப்பிள்ளை, அத்தனை பேர் முன்னால என் போட் லாயக்கில்லன்னு சொன்னானே! அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? இராதாகிருஷ்ணன் இராதாகிருஷ்ணன்தான்."

என் படகில் உட்கார்ந்துகொண்டு!

கலசம் முதலில் நான்தான் ஊற்றினேன். இரண்டாவது அவன். விலையைப் பற்றி அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் திரும்பும்போது மாமாவும் அத்தையும் மட்டும் அவன் படகில் வந்தார்கள். லேசாகப் பறந்துபோனார்கள். பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் எரிந்தது. முன்னைப் போல இல்லை, ஆனால் எரிந்தது.


10-2-1935, ஞாயிறு

சகலை காலை ரயிலில் தனியாக வந்தான். "விலை சொல்ல வந்தேண்ணே" என்றான்.

ஜெட்டிக்குக் கூட்டிப்போக எழுந்தேன். "இங்கேயே இருக்கட்டும்" என்று கடைப் பலகையில் உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது. விருந்தின் மறுநாள் முகம் இல்லை அது.

"முந்தாநாள் திரும்பி வரும்போது வழி பூரா மாமா என்ன பேசினாரு தெரியுமா?"

"உன் இங்கிலீஷைப் பத்தியா?"

"என் இங்கிலீஷா!" என்று என்னைப் பார்த்தான். "உங்களைப் பத்தி. 'பக்கிரி தோள்ல கம்பு வெச்சுத் தோட்டம் தோட்டமா நடந்து மேல வந்தவன். தாண்டிப் போனவன் திரும்பி வந்தான் பாரு, அதுதான் ஆம்பளை. நீ உங்கப்பன் நாற்காலியில உக்காந்தவன்.' கல்யாணம் ஆன நாளா இதே பாட்டுதான் அண்ணே. பக்கிரி இதைச் செஞ்சான், பக்கிரி அதைச் செஞ்சான். சோறு எறங்காது. நீங்க போட் வாங்கினதும் நான் ஏன் வாங்கினேன்னு நினைக்கிறீங்க? எனக்குத் தண்ணின்னாலே பயம்."

என்னைப் பற்றியா? அந்த மனுஷரா?

"என் வீட்டுல ஒரு நாள்கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றேன். "உன்னைத்தானே சொல்லுவாரு. பத்து வருஷமா, என் இலையில உக்காந்துக்கிட்டு."

"என்னையா?" என்றான். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டது. "என்னன்னு சொல்லுவாரு?"

உள்ளே தனலெட்சுமி சிரித்தாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பாவுக்கு எதிர்ல இருக்கிற மாப்பிள்ளையைப் புகழத் தெரியாது. இதைத்தான் அன்னிக்கே சொன்னேன். நீங்க காது கொடுத்தாத்தானே."

அவன் விலையைச் சொன்னான். நான் ஒரு சொல் சேர்த்தேன், அவன் ஒரு சொல் குறைத்தான். பெரிய விசிறியைக் கடை வாசலில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், அது பேரத்தில் சேர்த்தி இல்லை.

முடிந்தது இதுதான்: பழைய விசிறி எனக்குச் சொந்தம். அதற்கு விலையாக, மாமா என் வீட்டில் அவனைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தை ஒவ்வொன்றையும் நான் அவனிடம் சொல்லிவிட வேண்டும். அவன் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வதை அவன் என்னிடம் சொல்வான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பழைய பாக்கியும் சேர்த்து. மாதம் முதல் ஞாயிறு, என் படகில். பெட்ரோல் ஆளுக்குப் பாதி.